சார் என்று சொல்ல ஒரு வாய்

தாவீதைச் சூப்பர்வைசராகப் போட்ட அன்று சாயங்காலம், அவன் மனைவி லீலா சம்பளத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அடுப்பில் கொதித்த குழம்பைத் துழாவிக்கொண்டே, "இனிமே கம்பெனில உன்னை எல்லாரும் சார்னு கூப்புடுவாங்களாய்யா?" என்றாள்.

"பின்ன இன்னான்னு கூப்புடுவாங்க?"

"இரு, சொல்லிப் பாக்கறேன்." கரண்டியோடு திரும்பி நின்று, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "சார், குழம்புல உப்பு சரியா கீதா பாருங்க சார்."

தாவீது சிரித்துவிட்டான். ஆனால் அந்த வார்த்தை காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. முப்பது வயது தாண்டியும் அவனைப் பார்த்து யாரும் அதைச் சொன்னது கிடையாது, விளையாட்டுக்குக்கூட.

1991 தை மாதம் அது. தண்டலம் தாண்டி, பெங்களூர் ரோட்டை ஒட்டிய ஒரு பிரஸ் கம்பெனி. லாரிக்கும் பஸ்ஸுக்கும் வேண்டிய இரும்புத் துண்டுகளைத் தகட்டிலிருந்து அடித்து எடுப்பார்கள். அங்கே ஆபரேட்டராகச் சேர்ந்து, எந்த மிஷின் எப்போது முனகும் என்று தூக்கத்தில்கூடச் சொல்லும் அளவுக்குப் பழகியிருந்தான் தாவீது. பழைய சூப்பர்வைசர் ஓசூருக்குப் போனதும் மேனேஜர் அவனைக் கூப்பிட்டு, "ஆறு மாசம் பார்ப்பேன். லைன் ஒழுங்கா ஓடிச்சுன்னா உன்னையே நிரந்தரமாப் போட்டுடறேன்" என்றார். "சரிங்க சார்" என்று வெளியே வந்தவனுக்கு, தான் சொன்ன அந்த சாரை இனிமேல் பத்துப் பேர் தன்னிடம் சொல்லப்போகிறார்கள் என்று தோன்றியது.

மூச்சை முழுதாக இழுக்கக்கூட வேண்டாத சின்ன வார்த்தை. இங்கிலீஷ்காரன் போட்டுவிட்டுப் போனது. அதை வைத்துக்கொண்டு நம் ஆட்கள் செய்யாத வேலை இல்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் அது ஓர் ஆளின் பெயர். "சார் வராரு" என்றால் தெருவே அடங்கும். அவருக்கு அம்மா அப்பா வைத்த வேறு பெயர் ஒன்று இருக்கும் என்று பிள்ளைகளுக்குத் தோன்றியதே இல்லை. வாலாஜாபாத் பஸ்ஸில் அது சட்டைக்குக் கிடைக்கும் மரியாதை. வெள்ளைச் சட்டைக்காரரிடம் "சார், டிக்கெட்" என்ற கண்டக்டர், பக்கத்தில் நின்ற தாவீதின் அப்பாவிடம் "யோவ், வாங்கினியா இல்லியா" என்பான். அதே கண்டக்டர் கோபம் வந்தால் வெள்ளைச் சட்டையிடமே, "இன்னா சார், சில்லறை இல்லாம ஏறிக்கினு கழுத்தறுக்கற சார்" என்பான். அப்போது அதுவே வசவு. வேலைவாய்ப்பு ஆபீஸ் பியூனுக்கு அது லஞ்சம். போலீஸ் ஸ்டேஷனில் அது அடி விழுமுன் முகத்தை மறைக்கும் கை. டீக்கடையில் கூட்டாளிகள் "சாரு ரொம்ப பிஸி போல" என்றால் காலை வாருகிறார்கள்.

தாவீதின் அப்பா பெயர் அப்பாவு. அவருக்கு சார் என்ற வார்த்தை வாயில் நுழைந்ததில்லை. அவர் சொன்னதெல்லாம் "ஆண்டே". அதைச் சொல்லும்போது தோளில் இருந்த துண்டு கக்கத்துக்கு இறங்கும், முதுகு தானாக வளையும். சொல்லிச் சொல்லியே வளைந்து, வளைந்தபடியே போய்ச் சேர்ந்தார். சாருக்கு அந்த வளைவு வேண்டாம். நிமிர்ந்து நின்றே சொல்லலாம், நிமிர்ந்து நின்றே கேட்கலாம். தாவீதுக்கு அந்த வார்த்தை மேல் இருந்த ஆசைக்கு அதுதான் காரணம். பதவியோ பகட்டோ அவன் நினைப்பில் இல்லை.

அவன் லைனில் வேலை செய்த ஆபரேட்டர்கள் பெரும்பாலும் சுற்று வட்டாரத்து விவசாயக் குடும்பத்து ஆட்கள். கிழவரும் இல்லாத வாலிபரும் இல்லாத கோதண்டம், வாயைத் திறந்தால் கிண்டல். அப்புறம் புருஷோத்தமன். இவன் தாவீதின் ஊர்தான். ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற வழியில் அந்த ஊர். புருஷோத்தமன் ஊருக்குள், தாவீது காலனியில். அப்பாவு ஆயுள் முழுக்க "ஆண்டே" என்று சொன்னது புருஷோத்தமனின் அப்பாவிடம்தான். அந்தக் குடும்பத்தின் நிலத்தில் பாதி கைமாறிப்போய், மகன் கம்பெனிக்கு வந்துவிட்டான். ஆபரேட்டராக இருந்தபோது தாவீதும் அவனும் பக்கத்துப் பக்கத்து மிஷின். "டேய் தாவீது, பீடி கீதா?" என்பான். தாவீதும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. மிஷின் சத்தத்தில் "டேய்" கரைந்துவிடும்.

சூப்பர்வைசரான முதல் நாள், "டேய்" நின்றுபோனது. தாவீது சந்தோஷப்பட்டான். அதற்குப் பதிலாக எதுவும் வரவில்லை என்பதைக் கவனிக்க அவனுக்கு நாளாயிற்று.

மனிதர்கள் ஒருவரை எப்படியும் கூப்பிடாமலே எவ்வளவு காலம் ஓட்டலாம் என்பதை அந்த லைனில்தான் பார்க்க வேண்டும். "கொஞ்சம் இப்படி..." என்று காற்றைப் பார்த்துச் சொல்வார்கள். "இந்த டை லூஸா கீற மாதிரி கீது" என்று, தகட்டை வெட்டும் அந்த இரும்பு அச்சிடமே புகார் கொடுப்பார்கள். கோதண்டம் நல்ல மனுஷன்தான்; அவர்கூட, "ஆபீஸ்ல கேட்டு சொன்னா தேவல" என்பார். யார் கேட்க வேண்டும், யாருக்குச் சொல்ல வேண்டும் என்பது அந்த வாக்கியத்தில் இருக்காது. டிப்ளமா முடித்துவிட்டு மெட்ராசிலிருந்து பயிற்சிக்கு வந்திருந்த பிரசன்னா என்ற பையனுக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. வந்த அன்றே அவனுக்கு சார் கிடைத்துவிட்டது. "சார், ஓரமா நில்லுங்க சார், எண்ணெய் தெறிக்கும்." அவன்தான் பாவம், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தான்.

தாவீதை அழைக்க அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். ஸ்பானரை எடுத்து மிஷினின் இரும்புக் காலில் இரண்டு தட்டு. டங், டங்.

தட்டுவது புதுசல்ல. தகட்டுக் கழிவு விழும் தொட்டி நிறைந்துவிட்டால் ஒரு தட்டு தட்டுவார்கள். கனகம் என்ற அம்மாள் வந்து தொட்டியைத் தள்ளிக்கொண்டு போவாள். பிரஸ் ஓடுகிற இடத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது என்பதால் வந்த பழக்கம். ஆனால் சூப்பர்வைசரை யாரும் தட்டிக் கூப்பிட்டதில்லை. பழைய சூப்பர்வைசர் இருந்தபோது மிஷினை விட்டு அவர் மேஜைவரை நடந்துபோய், "சார்" என்று சொல்லிவிட்டுத்தான் விஷயத்தைச் சொல்வார்கள். தாவீதும் அப்படிப் போய் நின்றவன்தான்.

இதையெல்லாம் யோசிக்காமல் அவன் ஓடினான். டங், டங் என்றால் அந்த மிஷின் முன்னால் போய் நிற்பான். தொட்டிக்கு ஒரு தட்டு, தனக்கு இரண்டு தட்டு என்பதில் அவனுக்கு ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. பின்னால் அதை நினைத்தபோதெல்லாம் அவனுக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் ரோடு முழுக்கக் காக்கி. பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கி, பையைத் திறக்கச் சொல்வார்கள். ஒருநாள் காலை ஷிப்டுக்குப் போகும்போது புருஷோத்தமனின் சாப்பாட்டுத் தூக்கை ஒரு கான்ஸ்டபிள் திறந்து பார்த்தான். புருஷோத்தமனைவிடச் சின்னவன்.

"இன்னாய்யா இது?"

"புளி சோறு சார். கம்பெனி வேலை சார். தினம் இந்த பஸ்ஸுதான் சார் வருவேன்."

"எந்த ஊரு?"

ஊரைச் சொல்லி, அதற்கும் ஒரு சார் போட்டான். வாயிலிருந்து எண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. பின்னால் வரிசையில் நின்ற தாவீதுக்கு அது என்னவோ செய்தது. வைத்திருக்கிறான், தேவையான அளவு வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டான்.

அந்த வாரமே கரண்ட் போயிற்று. அத்தனை பிரஸ்ஸும் ஒரே சமயத்தில் மூச்சை விட்டு நின்றன. ஷெட்டுக்குள் அப்படி ஓர் அமைதி வருவது அபூர்வம். தகரக் கூரையில் குருவி நடக்கிற சத்தம் கேட்டது. வெளியே ரோட்டில் ஒரு லாரிக்காரன் யாரையோ திட்டினான். அதில் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. தாவீது தன் மேஜையருகே நின்றுகொண்டிருந்தான். நாலு எட்டுத் தள்ளிப் புருஷோத்தமன்.

டங், டங்.

தாவீது பழக்கத்தில் ஓர் எட்டு வைத்துவிட்டான். அப்புறம் நின்றான். எந்தச் சத்தத்தைத் தாண்டி என்னைக் கூப்பிடுகிறான் இவன்?

லைன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது, பிறகு பார்க்காதது போல ஆளாளுக்கு ஒரு பக்கம் திரும்பிக்கொண்டது. கோதண்டம் குனிந்து செருப்பைச் சரி செய்தார். அப்போது பிரசன்னா ஷெட்டின் கோடியில் நடந்துபோனான். புருஷோத்தமன் அங்கேயிருந்து சத்தமே உயர்த்தாமல் கேட்டான். "சார், கரண்ட் எப்ப சார் வரும்?"

தாவீதுக்கு இத்தனை மாதமும் தட்டின தட்டெல்லாம் மொத்தமாக வந்து மண்டையில் விழுந்த மாதிரி இருந்தது. தொட்டியும் நானும் ஒன்று. ஒரு தட்டுதான் வித்தியாசம்.

அன்றைக்கு அவன் வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். லீலா விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

"அவன் வாயில இருந்து அந்த ஒண்ணு வந்தா நமக்கு இன்னா கொட்டப் போவுது?" என்றாள்.

"கொட்டறதுக்கா கேக்கறேன்? அந்த மீசை இல்லாத பையனுக்கு வருது. ரோட்ல நிக்கற போலீஸ்காரனுக்கு வருது. எனக்கு மட்டும் தொண்டையில முள்ளா குத்துது?"

"ஆறு மாசம் முடிய இன்னும் கொஞ்ச நாளுதான் கீது. நிரந்தரம் ஆவட்டும். அப்பறம் கேளு."

"நிரந்தரமானா நிரந்தரமா தட்டுவான்."

லீலா தட்டை எடுத்துக்கொண்டு போகும்போது, "எங்கப்பா பேரு அப்பாவு இல்ல, உங்கப்பா பேருதான்" என்று முணுமுணுத்தாள். நீயே முடிவு செய்துகொள் என்று அதற்கு அர்த்தம்.

மறுநாள் ஷிப்டு தொடங்குமுன், மிஷின்களை ஓட விடாமல் லைனைக் கூட்டினான் தாவீது. பேசிப் பழக்கமில்லாததால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"இனிமே என்னை யாரும் தட்டிக் கூப்புடாதீங்க. சார்னு கூப்புடுங்க. அது கஷ்டமா இருந்தா தாவீதுன்னு பேர் சொல்லிக் கூப்புடுங்க, எனக்கு வருத்தம் இல்ல. ஏதாவது ஒண்ணு வாயால கூப்புடுங்க. தட்டினா வரமாட்டேன்."

"சத்தத்துல காது கேக்காதேன்னுதான்..." என்று இழுத்தான் புருஷோத்தமன்.

"கரண்ட் போனப்ப இன்னா சத்தம்?"

யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள். புருஷோத்தமனின் முகம் கறுத்தது. கலையும்போது அவன் பக்கத்து ஆளிடம் சொன்னது தாவீதின் காதில் விழவேண்டும் என்றே சொல்லப்பட்டது. "எங்கப்பன் கொல்லையில களை எடுத்தவன் மவன். இன்னிக்கு சார் வேணுமாம் சார்."

அதற்கப்புறம் அவர்கள் தட்டவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. தகடு தீர்ந்தால் மிஷினை வெறுமனே ஓட விட்டுக் கைகட்டி நின்றார்கள். தாவீதே சுற்றிச் சுற்றி வந்து கண்டுபிடித்துச் சரி செய்தான். லைனில் உருப்படி குறைந்தது. மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டார். "என்னப்பா, உன் ஆளுங்களோட உனக்கு ஒத்துப்போகலையா? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போ." ஏன் என்று தாவீது சொல்ல வாயெடுத்தான். என்னை சார் என்று கூப்பிட மாட்டேன் என்கிறார்கள் என்பதை அந்தக் குளிர்ந்த அறையில் நின்று சொன்னால், பள்ளிக்கூடத்துப் பிள்ளை புகார் மாதிரி இருக்கும். "சரிங்க சார்" என்று வந்துவிட்டான். அந்த சார் வாயில் கசந்தது.

பிறகு அந்த நாள் வந்தது. புருஷோத்தமனின் மிஷினில் தகடு கோணலாக உள்ளே போக ஆரம்பித்தது. டை முனகும் சத்தம் மாறியதை முதுகைக் காட்டி நின்ற தாவீதே கேட்டுவிட்டான். மிஷினை நிறுத்தலாம், சிவப்புப் பொத்தான் புருஷோத்தமனின் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் சூப்பர்வைசர் சொல்லாமல் ஆபரேட்டர் மிஷினை நிறுத்தக்கூடாது என்பது அந்த ஷாப்பின் சட்டம். நிறுத்தினால் சம்பளத்தில் கை வைப்பார்கள்.

டங், டங்.

தாவீது திரும்பினான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் நேராகப் பார்த்தார்கள். புருஷோத்தமன் கண்ணை எடுக்காமல் மறுபடி தட்டினான். டங், டங். உள்ளே இரும்பு இரும்பைக் கடித்தது. ஒரு வார்த்தை. சார் வேண்டாம், பேர் போதும், "டேய் தாவீது" என்று பழையபடி கத்தியிருந்தால்கூட அந்த நேரத்தில் ஓடியிருப்பான். வாயால் கூப்பிட்டால் போகலாம் என்று தாவீதும், கூப்பிடாமலே வரட்டும் என்று புருஷோத்தமனும் நின்றார்கள். டங், டங், டங். ஸ்பானர் வெறி பிடித்த மாதிரி அடித்தது.

டை வெடித்தது. ஒரு துண்டு பறந்து தூணில் பட்டுக் கீழே விழுந்து சுழன்றது. யார் மேலும் படாதது அதிர்ஷ்டம். கனகம் தொட்டியோடு அந்தப் பக்கம்தான் வந்துகொண்டிருந்தாள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பார்த்த பிறகுதான் தாவீது ஓடினான்.

விசாரணை மேனேஜர் அறையில். கோதண்டத்தையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தட்டித் தட்டிப் பார்த்தேன் சார்," என்றான் புருஷோத்தமன். "சார் பார்த்துக்கினேதான் இருந்தாரு சார். வரல."

தாவீதுக்கு ஒரு நிமிடம் யாரைச் சொல்கிறான் என்றே புரியவில்லை.

"உனக்கு இவர் மேல ஏதாவது கோபமா?" என்று மேனேஜர் கேட்டார்.

"ஐயோ, நான் ஏன் சார் கோவப்படறேன்? சாரு எங்க ஊருதான் சார். சார் மேல எங்களுக்கு எப்பவும் மரியாததான். சாருக்குத்தான் எங்களைக் கண்டா ஆவல சார்."

சார், சார், சார். இத்தனை மாதம் ஒன்றுகூட இல்லாதவனுக்கு ஒரே மூச்சில் அள்ளிக் கொட்டினான். காது குளிரக் கேட்கவேண்டும் என்று ஆசைப்பட்ட வார்த்தை ஒவ்வொன்றும் தாவீதின் கழுத்தில் ஒவ்வொரு கயிறாக விழுந்தது. இந்த அர்த்தம் ஒன்று பாக்கி இருந்தது, அதையும் பார்த்தாயிற்று என்று நினைத்தான்.

"நீ என்ன சொல்றே?"

"வாயால கூப்புடச் சொன்னேன் சார். தட்டறான். தொட்டி எடுக்கறவங்கள தட்டற மாதிரி தட்டறான்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "இதுக்காகவா ஒரு டையை உடைய விட்டே? தட்டறது ஒரு சிக்னல்ப்பா. இந்த ஷாப்போட பழக்கம். அதுல அவமானம் என்ன வந்தது?"

"பழைய சூப்பர்வைசரத் தட்டல சார்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. தட்டினா அவமானம்னு நீயா நினைச்சுக்கறே. எல்லாத்தையும் அந்தக் கண்ணால பார்த்தா எப்படி?"

எந்தக் கண்ணால் என்று அவர் சொல்லவில்லை. தாவீதுக்கு அது புரிந்தது. புருஷோத்தமனுக்கும் புரிந்தது. கோதண்டம் மின்விசிறியிலிருந்து பார்வையை எடுத்துத் தரையில் போட்டார்.

"அப்ப தட்டிக் கூப்புடறது தப்பு இல்ல?" என்று தாவீது கேட்டான்.

"தப்பே இல்லை."

"யாரை வேணாலும்?"

"யாரை வேணும்னாலும். வேலை நடக்கணும், அவ்வளவுதான்."

தாவீதை மறுபடி ஆபரேட்டராக இறக்கிவிட்டார்கள். பிரசன்னாவை அவன் இடத்தில் போட்டார்கள். புருஷோத்தமனைக் கண்டித்து ஒரு வார்த்தை இல்லை.

வேலையை விட்டுவிடலாமா என்று தாவீது இரண்டு நாள் வீட்டில் கிடந்தான். மூன்றாம் நாள் லீலா தூக்கில் சோற்றைப் போட்டு அவன் பக்கத்தில் வைத்தாள். "நீ நின்னுட்டா அவனுங்களுக்குக் கொண்டாட்டம். போ. போய் அவனுங்க கண்ணு முன்னாலயே நில்லு."

"நின்னு இன்னா பண்ண?"

"எனக்கு இன்னா தெரியும்? நீதான சார்." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் தாவீது எழுந்து சட்டையை மாட்டினான்.

அவன் மிஷின் புருஷோத்தமனின் மிஷினுக்குப் பக்கத்தில், பழைய இடம். "இன்னாடா தாவீது, வந்துட்டியா?" என்றான் புருஷோத்தமன். டேய் அதே சூட்டோடு திரும்பி வந்திருந்தது. தாவீது தன் மிஷினைத் துடைக்க ஆரம்பித்தான்.

அன்று மத்தியானம் அவனுக்கு வந்த தகட்டுச் சுருளில் ஓரமெல்லாம் துரு. அதை ஓட்டக்கூடாது, மேலிடத்தில் கேட்கவேண்டும். பிரசன்னா ஸ்டோருக்குப் போயிருந்தான். அந்த நேரத்தில்தான் மேனேஜர், உருப்படி வாங்குகிற கம்பெனியிலிருந்து வந்த இரண்டு பெரிய மனிதர்களோடு ஷெட்டுக்குள் நுழைந்தார். லைன் ஓரமாகச் சிரித்துப் பேசிக்கொண்டே வந்தார்கள். தாவீதின் மிஷினைத் தாண்டிப் போனார்கள்.

தாவீது ஸ்பானரை எடுத்தான்.

டங், டங்.

பக்கத்து மிஷினில் புருஷோத்தமனின் கை அப்படியே நின்றது. "டேய், யாரடா தட்டற? லூசா நீ?" என்று பல்லைக் கடித்தான். தாவீது அவன் பக்கம் திரும்பவே இல்லை. மேனேஜரின் முதுகைப் பார்த்தபடி மறுபடி தட்டினான், இன்னும் அழுத்தி.

டங், டங்.

கனகம் தொட்டியை நிறுத்திவிட்டு, இரண்டு தட்டு தனக்கில்லையே என்று விழித்தாள். விருந்தாளிகளில் ஒருவர் முதலில் திரும்பினார். பிறகு மேனேஜர் திரும்பினார். தாவீது ஸ்பானரைக் கீழே வைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் நடந்து வந்தார். முகம் இறுகியிருந்தது.

"யாரைத் தட்டினே?"

"உங்களத்தான். தகட்டுல துரு கீது. ஓட்டட்டா, வேணாமான்னு கேக்கணும்."

ஒரு சாரும் இல்லாத அந்தப் பதில் மொட்டையாக நின்றது. அவர் அதைக் கவனித்தார்.

"நான் யாருன்னு தெரியுதா உனக்கு?"

"தெரியும். மேனேஜர்."

"அப்போ? என்னை மாடு மாதிரி தட்டிக் கூப்பிடுவியா? வாய் இல்லை உனக்கு? சார்னு சொல்ல ஒரு வாய் இல்லை?"

கத்திவிடுவோமோ என்று தாவீது பயந்தான். கத்தவில்லை. பிரஸ்களின் சத்தத்துக்கு மேலே கேட்கிற அளவுக்கு மட்டும் குரலை உயர்த்தினான்.

"இதே எடத்துல நின்னு நானும் இதத்தான் கேட்டேன். அதுல அவமானம் இன்னா வந்துச்சுன்னு நீங்கதான் சொன்னீங்க. யாரை வேணாலும் தட்டலாம்னு சொன்னீங்க. இதோ கோதண்டம் நிக்கறாரு, கேளுங்க."

மேனேஜர் கோதண்டத்தைப் பார்த்தார். அந்த மனுஷன் ஆயுளில் முதல்முறையாகக் கிண்டல் எதுவும் செய்யாமல், "ஆமாங்க சார். அப்படித்தான் சொன்னீங்க" என்றார்.

விருந்தாளிகள் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். மேனேஜர் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, அவர்கள் நிற்பது ஞாபகம் வந்து, மூடிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை கேட்டுக்குப் பக்கத்துப் பலகையில் தட்டச்சு அடித்த காகிதம் ஒட்டியிருந்தது. ஷாப்பில் யாரும் யாரையும் உலோகப் பொருளால் தட்டி அழைக்கக்கூடாது, அது ஒழுங்கீனம், மீறுகிறவர் மேல் நடவடிக்கை. கோதண்டம் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "தாவீதத் தட்டினப்ப பழக்கம். அவரத் தட்டினதும் ஒழுங்கீனம். ஒரே ராத்திரியில இரும்பு மாறிப் போச்சுப்பா" என்றார். தாவீதுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கையில் தனியாக ஒரு காகிதம் கொடுத்திருந்தார்கள்: மேலதிகாரியை அவமதித்ததற்குப் பதில் கேட்டு. அவமதிப்பு என்றே எழுதியிருந்தது. ஒரு வருஷத்தில் பாதி நாள் அவன் மேல் விழுந்தபோது பெயரே இல்லாமல் இருந்த ஒன்றுக்கு, அவர் மேல் விழுந்த நிமிடமே பெயர் கிடைத்துவிட்டது. சூப்பர்வைசர் மேஜை இனி அவனுக்கு இல்லை என்பதும் அந்தக் காகிதத்திலேயே தெரிந்துவிட்டது. நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மிஷினுக்குப் போனான்.

ஷிப்டு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கோதண்டத்தின் தொட்டி நிறைந்தது. அவர் ஸ்பானரை எடுத்தார், பலகை ஞாபகம் வந்து வைத்தார். தூரத்தில் போய்க்கொண்டிருந்த அம்மாளைப் பார்த்தார். மிஷினை விட்டு அவள்வரை நடந்துபோனார்.

"ஏம்மா, இத்தன வருஷமா பாக்கறேன். உம்பேரு இன்னாம்மா?"

அவள் இடுப்பில் கை வைத்து அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஏன், கண்ணாலமா பண்ணிக்கப் போற? கனகம்."

"கனகம்மா, தொட்டி ரொம்பிப் போச்சு. வரியா?"

இந்தப் பக்கம் புருஷோத்தமனின் மிஷினில் தகட்டுச் சுருள் ஒருபுறம் சரிந்திருந்தது. தனியாளாகத் தூக்க முடியாது. பக்கத்து மிஷின்காரன் ஒரு கை கொடுக்க வேண்டும். புருஷோத்தமனின் கை ஸ்பானருக்குப் போய் வெறுங்கையாகத் திரும்பியது. நேற்றுவரை வந்த "டேய்" இன்று வாய்க்கு வரவில்லை. "இந்தா..." என்றான் சுருளைப் பார்த்து. பிறகு கூரையைப் பார்த்து, "கொஞ்சம் இப்படி..." என்றான். சுருள் இன்னும் கொஞ்சம் சரிந்தது. தோளைக் கொடுத்து முட்டு வைத்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, தாவீதின் முதுகைப் பார்த்து வாயைத் திறந்தான்.

தாவீதுக்கு அது ஓரக்கண்ணில் தெரிந்தது. அவன் தன் மிஷினில் அடுத்த தகட்டை வைத்து அடித்தான். எடுத்தான். இன்னொன்றை வைத்தான்.

அவசரம் அவனுக்குத்தான். தாவீதுக்கு இல்லை.